பாரம் ஓடிய பிறகு: ஒரு மரபணுவைத் திருத்தப் பார்த்த கதை

1

பெரியப்பா டாக்டர்களிடம் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. சொல்வதற்குத் தலையாட்டிவிட்டு வெளியே வந்துதான் எங்களிடம் புலம்புவார். அன்றைக்கு மட்டும் கேட்டார்.

டாக்டர் பயாப்ஸி ரிப்போர்ட்டை மேஜையில் விரித்து வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். நுரையீரல் புற்றுநோய் என்றால் இப்போதெல்லாம் கட்டியை எடுத்து அதன் மரபணுக்களைப் பார்க்கிறார்கள். சில மரபணுக்களில் குறிப்பிட்ட பிழை இருந்தால் அதற்கென்றே மாத்திரை இருக்கிறது. பெரியப்பாவின் ரிப்போர்ட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். நெகட்டிவ், ஏ.எல்.கே. நெகட்டிவ். "மாத்திரை இருக்கிற பிழை உங்களுக்கு இல்லைங்கய்யா. வேற பிழை இருக்கும். கீமோதான் குடுக்கணும்" என்றார்.

"பிழைதான சார், திருத்த முடியாதா?"

டாக்டர் லேசாகச் சிரித்தார். "அது அவ்வளவு லேசு இல்லைங்கய்யா" என்று சொல்லிவிட்டு கீமோவுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.

பெரியப்பா அதைச் சும்மா கேட்கவில்லை. மதுரையில் ஒரு அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்க்கப் போனவர், கம்ப்யூட்டர் வந்த பிறகு புரூஃப் பார்க்க உட்கார்ந்தார். வாழ்க்கை முழுக்கப் பிழை திருத்திச் சம்பாதித்தவர். ராத்திரி ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க பீடி. அதுவும் வாழ்க்கை முழுக்க.

இரண்டு நாள் கழித்து அண்ணன் (பெரியப்பா மகன்) எனக்கு வாட்ஸாப்பில் ஒன்று அனுப்பினான். ஒரு வெளிநாட்டு மருத்துவமனையின் விளம்பரம். கெட்டுப்போன மரபணுவுக்குப் பதிலாக நல்ல மரபணுவைக் கட்டிக்குள்ளேயே ஊசியில் ஏற்றுவார்களாம். பக்கவிளைவு இல்லையாம். பின்னாலேயே போன் பண்ணினான். "ஊருக்கு வெளிய அஞ்சு சென்ட் மனை கெடக்குல்ல, அத வித்திரலாம்னு பாக்குறேன். நீ இங்கிலீஷ்ல படிச்சுப் பாத்துச் சொல்லுடா. இது நெசமா, பொய்யா?"

நெசமா பொய்யா என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. இரண்டு வாரம் படித்தேன். படித்தது இது.

2

1979இல் லண்டன், பிரின்ஸ்டன் உட்பட உலகின் சில ஆய்வகங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரு புரதத்தைக் கண்டன. குரங்குகளில் இருக்கும் எஸ்.வி.40 என்ற வைரஸ், செல்லைப் புற்றுச்செல்லாக மாற்றும்போது இந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. எடை 53 கிலோடால்டன் என்று கணக்கிட்டதால் பேர் பி53. அந்தக் கணக்கே கொஞ்சம் தப்பு, உண்மையான எடை அதைவிடக் குறைவு. பேர் மட்டும் நின்றுவிட்டது.

பேரில் இருந்த தப்பு பெரிதில்லை. குணத்திலும் ஒரு தப்பு நடந்தது. பத்து வருஷம் வரைக்கும் பி53ஐப் புற்றுநோயை உண்டாக்கும் மரபணு என்றுதான் நினைத்தார்கள். ஆய்வகங்களில் பிரதியெடுத்து வைத்திருந்த பி53 பெரும்பாலும் ஏற்கெனவே கெட்டுப்போன வடிவம். பிழையுள்ள பிரதியை மூலம் என்று நம்பி அதை வைத்தே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 1989இல்தான் பெர்ட் வோகல்ஸ்டைனின் குழுவும் ஆர்னால்ட் லெவைனின் குழுவும் கதையைத் திருப்பிப் போட்டன. பி53 நல்ல நிலையில் இருக்கும்வரை புற்றைத் தடுக்கிறது. அது கெட்டால்தான் ஆபத்து.

டி.என்.ஏ.வில் சேதம் ஏற்பட்டால் பி53 செல்லை நிறுத்திவைக்கும். சரிசெய்ய முடிந்தால் சரிசெய்ய விடும். முடியாது என்றால் செல்லைச் சாகச் சொல்லும். செல் சாவது உடம்புக்கு நல்லது. கெட்ட செல் பெருகாமல் போய்ச் சேர்கிறது. பி53ஐக் கண்டவர்களில் ஒருவரான டேவிட் லேன் 1992இல் அதற்கு மரபணுத் தொகுதியின் காவலர் என்று பேர் வைத்தார். மனிதப் புற்றுநோய்களில் சுமார் பாதியில் இந்தக் காவலருக்கு ஏதோ ஆகியிருக்கிறது. புகைப்பவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றில் இன்னும் அதிகம்.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது கீமோவுக்கு நடுவில் இருந்தார். "மூலப்பிரதியே தப்புன்னு கண்டுபிடிக்கப் பத்து வருஷமா?" என்றார். அவருக்கு அதுதான் ஆச்சரியம்.

3

உடைந்த மரபணுவுக்குப் பதில் நல்லதைச் செலுத்தலாம் என்ற யோசனை 1970களிலிருந்தே இருந்தது. சிக்கல், உள்ளே கொண்டுபோவது எப்படி என்பதுதான். பதில் இயற்கையிலேயே இருந்தது. செல்லுக்குள் நுழைந்து தன் மரபணுவை இறக்கிவைப்பதுதான் வைரஸின் வேலையே. அதன் கெட்ட சரக்கை எடுத்துவிட்டு நம் சரக்கை ஏற்றி அனுப்பலாம்.

1990 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில், அஷாந்தி டிசில்வா என்ற நான்கு வயதுக் குழந்தைக்கு முதன்முதலாக அங்கீகாரம் பெற்ற ஆய்வு ஒன்றின்படி மரபணு சிகிச்சை நடந்தது. நோய் எதிர்ப்புக்குத் தேவையான ஒரு நொதி அவளுக்குச் சுரக்கவில்லை. ரத்த வெள்ளணுக்களை வெளியே எடுத்து, வைரஸ் மூலம் நல்ல மரபணுவை ஏற்றி, உடம்புக்குள் திருப்பிச் செலுத்தினார்கள். அவள் பிழைத்தாள். நொதி மருந்தையும் கூடவே எடுத்துக்கொண்டதால், எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது சிரமம். ஆனால் கதவு திறந்துவிட்டது.

டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் இருக்கிறது. அங்கே ஜாக் ரோத் என்ற மார்பு அறுவை மருத்துவர் நுரையீரல் புற்றுக்கு இதைச் செய்து பார்க்கத் துணிந்தார். ரெட்ரோவைரஸ் ஒன்றில் நல்ல பி53ஐ ஏற்றினார். மற்ற சிகிச்சைகள் கைவிட்ட ஒன்பது நோயாளிகள். மூச்சுக்குழாய் வழியாகக் கருவியை விட்டோ, மார்பின் வழியாக ஊசியை இறக்கியோ, நேராகக் கட்டிக்குள்ளேயே வைரஸைச் செலுத்தினார்கள். முடிவு 1996 செப்டம்பரில் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. மூன்று பேருக்கு ஊசி போட்ட கட்டி சுருங்கியது. இன்னும் மூன்று பேருக்கு வளராமல் நின்றது. குறிப்பிடத்தக்க பக்கவிளைவு இல்லை.

அடுத்த மாதமே 'சயன்ஸ்' இதழில் இன்னொரு கட்டுரை. மிகைல் டெனிசென்கோ, கெர்ட் ஃபைஃபர், மூன்-ஷாங் டாங் ஆகியோரின் குழு எழுதியது. சிகரெட் புகையில் பென்சோபைரீன் என்ற பொருள் இருக்கிறது. கரி, புகையிலை என எது அரைகுறையாக எரிந்தாலும் வரும். உடம்புக்குள் அது மாற்றமடைந்து டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்ளும். பி53 மரபணுவில் எங்கே ஒட்டுகிறது என்று துல்லியமாகப் பார்த்தார்கள். 157, 248, 273 என்ற எண்ணுள்ள இடங்களில் அதிகம் ஒட்டியது. நுரையீரல் புற்று நோயாளிகளின் பி53இல் அடிக்கடி பிழை காணப்படும் இடங்களும் அவைதான்.

புகையிலைக்கும் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்று 1950இலேயே ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் போன்றவர்கள் காட்டிவிட்டார்கள். அது எண்ணிக்கையை வைத்துச் சொன்னது. புகைப்பவர்களுக்கு அதிகம் வருகிறது, ஆகவே தொடர்பு இருக்கிறது. சிகரெட் கம்பெனிகள் அதை வெறும் புள்ளிவிவரம் என்று சொல்லியே காலத்தை ஓட்டின. இப்போது கை வைத்த இடமே தெரிந்துவிட்டது.

பெரியப்பா பேப்பர் ஓரத்தில் மூன்று எண்களையும் எழுதிக்கொண்டார்.

"ஒவ்வொன்னும் மூணு எழுத்து பெரியப்பா. அதுல ஒரு எழுத்து மாறிருது. ஜி இருக்க வேண்டிய எடத்துல டி. புகையால வர்ற பிழைல இதுதான் சாஸ்தி."

"பக்கம், வரி போட்டு எழுதிருக்கான்" என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் அங்கதானா?" என்று கேட்டார்.

அவர் ரிப்போர்ட்டில் பி53 பார்க்கவில்லை. அதையே சொன்னேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

4

1996இன் அந்த இரண்டு மாதங்களை மட்டும் படித்தால் மனையை விற்கலாம் என்று எனக்கே தோன்றியது. பிழை இருக்கும் இடம் தெரியும். திருத்தும் வழியும் தெரியும். இனி என்ன?

1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையன் இறந்துபோனான். அவனுக்குப் புற்றுநோய் இல்லை. கல்லீரலில் ஒரு பரம்பரைக் குறைபாடு. மாத்திரையிலும் உணவுக் கட்டுப்பாட்டிலும் சமாளித்து வந்தான். அந்த ஆய்வு தனக்குக் குணம் தரப்போவதில்லை, இதே குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் உதவலாம் என்று தெரிந்துதான் முன்வந்தான். 13ஆம் தேதி அடினோவைரஸ் வழியாக மரபணுவைச் செலுத்தினார்கள். உடம்பு அந்த வைரஸை எதிர்த்த வேகத்தில் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. 17ஆம் தேதி உயிர் போனது. விசாரணையில் நிறைய வெளிவந்தது. முன்னால் பங்கேற்ற சிலருக்கு வந்த கடுமையான பக்கவிளைவுகள் முறையாகத் தெரிவிக்கப்படவில்லை. ஆய்வுக்குத் தலைமை தாங்கியவருக்குத் தொடர்புடைய கம்பெனி ஒன்றில் பங்கு இருந்தது.

ரோத்தின் பி53 வேலையும் அதற்குள் ரெட்ரோவைரஸிலிருந்து அடினோவைரஸுக்கு மாறியிருந்தது. கட்டிக்குள் ஊசியாகப் போட்டதால் அங்கே இப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் மரபணு சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டாலே எல்லாரும் இரண்டு முறை யோசிக்க ஆரம்பித்தார்கள்.

என்னைக் கேட்டால், நுரையீரல் புற்றில் இந்தக் கனவை நிறுத்தியது அந்த மரணம் இல்லை. 2001இல் மார்ட்டின் ஷூலர் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வு. அதன் ஏற்பாடு எளிமையானது. 25 நோயாளிகள். ஒவ்வொருவரிலும் ஒப்பிடத்தக்க இரண்டு கட்டிகள். எல்லாருக்கும் கீமோ. ஒரு கட்டிக்கு மட்டும் கூடுதலாக பி53 ஊசி. அதே உடம்பு, அதே கீமோ, அதே நாட்கள். வித்தியாசம் ஊசி மட்டும்தான்.

ஊசி போட்ட கட்டிகளில் 52 சதவீதம் சுருங்கின. போடாத கட்டிகளில் 48 சதவீதம். எண்ணிக்கையில் சொன்னால் 13க்கு 12. ஒரே ஒரு கட்டி.

அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு மாடிக்குப் போய் நின்றேன்.

ஏன் அப்படி ஆனது? நெல்லிக்காய் அளவுக் கட்டியிலேயே கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன. ஊசி போட்ட இடத்தைச் சுற்றி உள்ள செல்களுக்குத்தான் வைரஸ் போய்ச் சேரும். மற்றவை அப்படியே இருக்கும். இன்னும் ஊசி போடலாம் என்றால், அடினோவைரஸ் சளி உண்டாக்கும் இனத்தைச் சேர்ந்தது. உடம்புக்கு அதை அடையாளம் தெரியும். ஒவ்வொரு முறையும் எதிர்ப்பு கூடும். இதற்குள் நோய் கல்லீரலுக்கோ எலும்புக்கோ மூளைக்கோ போயிருந்தால், மார்பில் போட்ட ஊசி அங்கே என்ன செய்யும்?

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003இல் சீனா, ஷென்சென் நகரில் தயாரான ஜென்டிசைன் என்ற பி53 மருந்துக்கு அனுமதி தந்தது. விற்பனைக்கு அனுமதி பெற்ற உலகின் முதல் மரபணு சிகிச்சை மருந்து அதுதான். அந்த அனுமதி தலை, கழுத்துப் பகுதிப் புற்றுக்கு. நுரையீரலுக்கு இல்லை. அமெரிக்காவில் ரோத்தின் ஆய்வை வைத்து வளர்ந்த இன்ட்ரோஜென் நிறுவனம் அட்வெக்சின் என்ற பேரில் அதே பி53 மருந்தோடு 2008இல் அனுமதிக்குப் போனது. விண்ணப்பத்தைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளவே அந்நாட்டு மருந்துத் துறை மறுத்துவிட்டது. அந்த வருஷ முடிவிலேயே நிறுவனம் திவால்.

5

இதே வருஷங்களில் அடுத்த தெருவில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. பெரியப்பாவின் ரிப்போர்ட்டில் "நெகட்டிவ்" என்று வந்ததே, அந்த ஈ.ஜி.எஃப்.ஆர். கதை.

2003இல் ஜெஃபிட்டினிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விசித்திரமான மாத்திரை. பத்துப் பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத்தான் கேட்கும். அந்த ஒருவருக்கோ, படுக்கையில் கிடந்தவர் எழுந்து நடக்கும் அளவுக்குக் கேட்கும். யாருக்குக் கேட்கும், ஏன் கேட்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

2004இல் பாஸ்டன் நகரின் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காரணத்தைக் கண்டன. மாத்திரை கேட்டவர்களின் கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் பிழை இருந்தது. ஒரு குழுவின் கணக்கில், மாத்திரை கேட்ட 9 பேரில் 8 பேருக்கு அந்தப் பிழை. கேட்காத 7 பேரில் ஒருவருக்கும் இல்லை. புகைக்காதவர்கள், பெண்கள், கிழக்காசியர்கள் ஆகியோரிடம் இந்தப் பிழை அதிகம்.

ரோத்தின் ஆய்விலும் ஒன்பது பேர்தான். அதில் ஒரு நம்பிக்கை இருந்தது. இந்த ஒன்பது பேரில் ஒரு மருத்துவமே இருந்தது. இன்று பொதுப்பேச்சில் "ஜீன் ட்ரீட்மென்ட்" என்று பலரும் சொல்வது இந்த மாத்திரைகளைத்தான். ஆனால் இவை மரபணுவைத் திருத்துவதில்லை. பிழையான மரபணு உண்டாக்கும் புரதத்தை அடக்கி வைக்கின்றன, அவ்வளவுதான். வாட்ஸாப்பில் வந்த விளம்பரம் இந்த இரண்டையும் கலந்துதான் பேசியது. மாத்திரைகளின் வெற்றியைக் காட்டி ஊசியை விற்றது.

ஒன்று ஜெயித்து மற்றது ஏன் தோற்றது? ஈ.ஜி.எஃப்.ஆர். பிழையில் செல்லை "பெருகு, பெருகு" என்று ஒருவன் நிறுத்தாமல் கத்திக்கொண்டிருக்கிறான். அவன் வாயைப் பொத்தினால் போதும். சின்ன மூலக்கூறு, மாத்திரையாக விழுங்கினால் ரத்தத்தோடு போய் எல்லாச் செல்களையும் தொட்டுவிடும். பி53இல் காவல்காரரே வேலையில் இல்லை. கத்துகிறவன் வாயைப் பொத்தலாம். இல்லாத ஆளைக் கோடி வீட்டு வாசலில் எப்படி உட்கார வைப்பது?

மாத்திரைகளையும் ரொம்பக் கொண்டாட முடியவில்லை. சராசரியாக ஒரு வருஷத்தை ஒட்டி ஜெஃபிட்டினிப் வேலை செய்யாமல் போகும். பாதிக்கு மேற்பட்டவர்களில் டி790எம் என்ற இரண்டாவது பிழை முளைத்துவிடும். அதைச் சமாளிக்க ஒசிமெர்ட்டினிப் 2015இல் வந்தது. புகைப்பவர்களிடம் அதிகம் காணப்படும் ஒரு கேராஸ் பிழைக்கு மாத்திரை வர 2021 ஆனது. அந்த மரபணு மனிதப் புற்றில் இருப்பது 1982இலேயே தெரியும். ஏறக்குறைய நாற்பது வருஷம்.

ரோத் விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வைரஸை விட்டுவிட்டு, கொழுப்பாலான நுண்துகளில் டி.யு.எஸ்.சி.2 என்ற வேறொரு காவல் மரபணுவை ஏற்றி, ரத்தக்குழாய் வழியாகவே செலுத்திப் பார்த்தார். கட்டிக்கு ஊசி போடுவதில் இருந்த சிக்கலுக்கு அவருடைய பதில் அது. 31 நோயாளிகளிடம் நடந்த முதல்கட்ட முடிவு 2012இல் வந்தது. துகள்கள் ரத்தம் வழியாகப் போய்க் கட்டியைச் சேர்ந்தன. சிலருக்கு நோய் நிலைபெற்றது. அதன் பிறகும் ஆய்வுகள் தொடர்ந்தன. ஆனால் கெட்ட பி53க்குப் பதில் நல்ல பி53ஐத் தரும் எந்த மருந்தும் நுரையீரல் புற்றுக்கென்று அமெரிக்காவில் அனுமதி பெறவில்லை.

6

அண்ணனிடம் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்தது. "நீ படிச்சதெல்லாம் பழசுடா. இப்பப் புதுசா கண்டுபிடிச்சிருப்பாங்க." அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. புதிதாக இருந்தால்?

"சரி, ஒரே ஒரு கேள்வி கேட்டு மெயில் போடுவோம். கீமோ மட்டும் எடுத்தவங்களவிட இந்த ஊசி போட்டவங்க எத்தன மாசம் கூட இருந்தாங்க? எந்தப் பத்திரிகைல வந்திருக்கு?"

இருவரும் உட்கார்ந்து எழுதி அனுப்பினோம். மறுநாளே பதில் வந்தது. சிகிச்சைக் கட்டணம், தங்குமிடக் கட்டணம், முன்பணம் கட்ட வேண்டிய வங்கிக் கணக்கு எண். கேள்விக்குப் பதில் இல்லை. அண்ணன் அதை மூன்று முறை படித்தான். மனையைப் பற்றி அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

பெரியப்பாவிடம் 52, 48 என்ற கணக்கைச் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நம்பிக்கையை ஏன் பறிக்க வேண்டும் என்று பெரியம்மா சொன்னாள். கடைசியில் அவரே கேட்டார். "அந்த ஊசி என்னாச்சு?" சொன்னேன். இரண்டு கட்டிகளைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "பாரம் ஓடிருச்சுல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"புரூஃப்ல கண்டுபிடிச்சா ஒரு எழுத்த எடுத்துட்டு வேற எழுத்து வச்சிரலாம். மிஷின்ல ஏறி ஆயிரம் காப்பி ஓடுனப்புறம் கண்டுபிடிச்சா? ஒவ்வொரு காப்பியாவா திருத்துவ? பின்னாடி ஒரு பிழைதிருத்தம் அடிச்சு ஒட்டுவோம். அதையும் எல்லாக் காப்பிலயும் ஒட்ட முடியாது. கட்டிங்கிறது ஓடி முடிஞ்ச பாரம்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "பீடிய அப்பவே விட்டுருந்தா புரூஃப்லயே புடிச்சிருக்கலாம்" என்றார்.

இந்தக் கட்டுரையின் முதல் இரண்டு பகுதிகளை அவரிடம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். நான்காவது கீமோ முடிந்திருந்த சமயம். சிவப்புப் பேனா கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது ஏழு திருத்தம் இருந்தது. ஐந்து ஒற்றுப்பிழை. ஒன்று, டாக்டர் சிரித்ததைக் "கேலியாகச் சிரித்தார்" என்று எழுதியிருந்தேன். கேலியாக என்பதை அடித்துவிட்டு, ஓரத்தில் "அவர் அப்படிச் சிரிக்கவில்லை" என்று எழுதியிருந்தார். ஏழாவது, பீடி பற்றிய வரி. "பல வருஷம்" என்று நாசூக்காக எழுதியிருந்ததை "வாழ்க்கை முழுக்க" என்று மாற்றியிருந்தார்.

மீதிப் பகுதிகளை அவர் பார்க்கவில்லை. அவற்றில் பிழை இருந்தால் அது என்னுடையது.